அறுபதைத் தாண்டி ஓர் உடன்போக்கு



கண்டிக்கோட்டையில் கூடாரத்துக்கு முன்னால் நானும் அவரும் டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கிற படத்தைப் போட்டாலும் போட்டேன், பத்து நாளாகப் பதில் சொல்லி மாளவில்லை. "இன்னா டீச்சர், இந்த வயசுல போயி கூடாரத்துல படுத்துக்கினு?" என்று ஒரு பழைய மாணவன். அவனுக்கே பேரன் வந்தாச்சு. "பெரியம்மா, அவ்ளோ தூரம் போனவங்க அப்படியே திருப்பதியையும் பாத்துட்டு வந்திருக்கலாமே" என்று தங்கை மகள். என் நாத்தனார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அண்ணனுக்குத் தனியாகப் போன் போட்டு, "அண்ணி கூப்ட்டா நீயும் கெளம்பிடுவியா?" என்று கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் மகன் கேட்டது ஒரே கேள்வி: "ஏதாச்சும் ஆயிட்டா?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கினவர்கள் இங்கேயும் தூங்கிக்கொள்ளலாம், காதைத் திருக மாட்டேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆந்திராவில் கடப்பா மாவட்டம், ஜம்மலமடுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலங்கைக் கண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தெலுங்கில் மலையிடுக்குக்குக் கண்டி என்று பெயர். எர்ரமலா குன்றுகளை வட பெண்ணை ஆறு அறுத்துக்கொண்டு போகிறது. அறுத்த இடத்தில் செங்குத்தாக இரண்டு பக்கமும் சிவந்த பாறைச் சுவர். ஆழம் சுமார் 300 அடி. அதன் விளிம்பில் ஒரு கோட்டை. விஜயநகர அரசின் கீழ் பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட கோட்டை அது. 17-ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா பிடித்தார். பிரெஞ்சு வைர வியாபாரி தாவெர்னியே அவரைப் பார்க்க 1652-ல் அங்கே வந்திருக்கிறார். உள்ளே இடிந்தும் இடியாமலும் ரங்கநாதர், மாதவராயர் கோயில்கள், ஜாமியா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம். சரித்திரம் போதும், நான் சொல்ல வந்தது பாறையைப் பற்றி.

அந்தப் பாறை ஒன்றின் மேல் ஒன்றாகப் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கிறது. பரீட்சை முடிந்து என் மேசையில் திருத்துவதற்கு அடுக்கி வைத்த நோட்டுகள் ஞாபகம் வந்தது. நூறு கோடி ஆண்டுக்கும் முன்னால் கடலடியில் மணலும் சேறும் படிந்து படிந்து இறுகிய படுகை அது. நிலவியல் புத்தகங்களில் கடப்பா படுகை என்றே பெயர். பெயர் கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா? உங்கள் வீட்டுச் சமையல் மேடை, அலமாரித் தட்டு, தொட்டி மூடி எல்லாம் கடப்பா கல். அதே படுகையின் கல்தான். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் பின்னும் நான் நின்றது அந்தக் கறுப்புக் கல் முன்னால்தான். அதில் வெங்காயம் நறுக்கினேன், மாவு பிசைந்தேன், டிபன் டப்பாக்களை வரிசையாக வைத்து மூடினேன். அதன் சொந்த ஊரில் ஒரு வேலையும் இல்லாமல் நிற்பேன் என்று நினைத்ததில்லை.

"ஒரு வேலையும் இல்லாமல்" என்பதை வேண்டுமென்றே எழுதினேன். நம் ஊர்ப் பெண்கள் நடக்காதவர்கள் இல்லை. தண்ணீருக்கு நடந்தோம், ரேஷனுக்கு நடந்தோம், பிள்ளையைப் பள்ளியில் விட நடந்தோம், வேண்டுதல் என்றால் மலைப்படியில் முட்டி தேயவும் ஏறினோம். காரணம் இல்லாமல் நடந்ததுதான் கிடையாது. சும்மா நடக்கிற பெண்ணைப் பார்த்தால் தெருவே "எங்க கெளம்பிட்டே?" என்று கேட்கும். அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். திருப்பதிக்கு என்றால் ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள், கையில் உண்டியல் காசு கொடுத்து அனுப்பியிருப்பார்கள். திருமலைப் படிக்கட்டு என் முட்டிக்குக் கண்டிக்கோட்டையைவிடக் கஷ்டம். ஆனால் அதற்கு யாரும் "ஏதாச்சும் ஆயிட்டா" என்று கேட்பதில்லை. சாமிக்காக ஏறினால் முட்டி வலிக்காதா என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஆட்களுக்கு இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. உலகத்தின் காலுக்கு நாம் செருப்புத் தைக்கிறோம். என்னிடம் படித்த எத்தனை பெண்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் விடியற்காலையில் ஏறிப்போய் அப்பர் தைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற அந்த ஷூக்கள் என்னென்ன மலை ஏறுகின்றனவோ, என்னென்ன பனியில் மிதிக்கின்றனவோ. தைத்த கைக்குச் சொந்தமான கால் ரப்பர் செருப்பில் வீட்டுக்கும் கம்பெனிக்குமாக நடக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் வாழ்க்கை முழுவதும் தோல் கம்பெனியில் கணக்கு எழுதினார், தோலைச் சதுர அடியில் அளந்தார். கயிறு கட்டின கெட்டி அடி ஷூவை அவர் முதன்முதலாகக் காலில் மாட்டியது இந்த மார்கழியில்தான். போட்டுக்கொண்டு கூடத்திலேயே நாலு தடவை நடந்து பார்த்தார்.

இந்த ஆசை எங்கே பிடித்தது என்று கேட்டால், 2019 மே மாதம் அரிசோனாவில். மகன் கிராண்ட் கேன்யனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். 446 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கு அது, ஆழம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். நம்மவர்கள் பார்க்கிற மாதிரிதான் நாங்களும் பார்த்தோம். காரை நிறுத்தி, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, படம் எடுத்து, புளிசாதம் சாப்பிட்டு, மறுபடியும் கார். அங்கே பிரைட் ஏஞ்சல் என்று ஒரு பாதை விளிம்பிலிருந்து கீழே ஆறு வரைக்கும் இறங்குகிறது. என்னைவிட வயதான கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டி, கையில் குச்சியோடு அதில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு எழுபதுக்குக் குறையாது. அவர்கள் போட்டிருந்த ஷூவை இவர் குனிந்து பார்த்தது தனிக்கதை.

என்னை நிறுத்தியது அங்கிருந்த எச்சரிக்கைப் பலகை. ஒரே நாளில் ஆறு வரை இறங்கித் திரும்ப முயலாதே என்கிறது அது. தண்ணீர் எடுத்துக்கொள், வெயிலைப் பார், திரும்பி ஏறுகிற நேரத்தையும் கணக்குப் போட்டுக்கொள் என்று சொல்கிறார்கள். 'வயதானவர்கள் போகாதீர்கள்' என்று நான் எங்கும் பார்க்கவில்லை. எப்படிப் போவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நாம் நம் பெரியவர்களிடம் பேசும்போது போகாதே என்கிற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறோம். தண்ணீர் எவ்வளவு, மாத்திரை எது, பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே என்று கூடவே உட்கார்ந்து யோசிக்க நமக்குப் பொறுமை இல்லை. வேண்டாம் என்று சொல்வது சுலபம், அதை அன்பு என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த நாட்டில் 62 வயதான குடிமக்கள் ஒரு தடவை 80 டாலர் கட்டினால் ஆயுளுக்கும் எல்லாத் தேசியப் பூங்காவுக்கும் போகலாம். இங்கே மூத்தவர்களுக்கு ரயிலில் இருந்த சலுகை, ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் கொரோனாவோடு போனது போனதுதான். கொரோனா போயிற்று, சலுகை வரவில்லை. வீட்டில் பிள்ளைகள் போகாதே என்கிறார்கள், அரசாங்கமும் அதையே கட்டணமாகச் சொல்கிறது.

சரி, மகனின் கேள்விக்கு வருகிறேன். ஏதாவது ஆகலாம்தான். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் என்ன ஆயிற்று என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பாதிக்கும் மேல் இளம் பெண்கள். அந்த வாரம் நான் வகுப்பில் சரியாகப் பாடம் நடத்தவில்லை. ஆனால் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது மலைக்கே போகக் கூடாது என்பதல்ல. காய்ந்த புல் நிற்கிற காலத்தில், சரியான அனுமதியும் வழி தெரிந்த ஆளும் இல்லாமல் போகக் கூடாது என்பது. நம் வனத்துறையே அப்படித்தான் எடுத்துக்கொண்டது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க 40 நடைபாதைகளை வகை பிரித்து, வழிகாட்டியோடு திறந்துவிட்டார்கள். சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். சுலபம் என்பது யாருக்காக என்று நினைக்கிறீர்கள்?

நாங்கள் செய்ததையும் கேளுங்கள். ஒரு மாதம் தினமும் காலையில் நடந்து பழகினோம். முதல் வாரம் இருபது நிமிஷம், கடைசி வாரம் ஒன்றரை மணி நேரம். டாக்டரிடம் இருவரும் போய்க் காட்டினோம். அவருக்குச் சர்க்கரை, எனக்கு பிரஷர். மாத்திரையை இரண்டு பங்காகப் பிரித்து ஆளுக்கொரு பையில் வைத்தோம், ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று. கடலை மிட்டாய், டார்ச், விசில், கைக்குச்சி. வேலூரிலிருந்து சித்தூர், பீலேர், ராயச்சோட்டி, கடப்பா. நம் ராணிப்பேட்டையிலிருந்து கர்னூலுக்குப் போகிற அதே நெடுஞ்சாலைதான். பஸ் மாறி மாறிப் போய் கடப்பாவில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் ஜம்மலமடுகு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். கூடாரம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறது. ஆந்திர சுற்றுலாத் துறையின் விடுதியும் இருக்கிறது, கூடாரம் ஒத்துவராவிட்டால் அங்கே போய்விடலாம் என்று மனதில் வைத்திருந்தோம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ராத்திரி பாத்ரூம் போவதுதான் பெரிய கஷ்டம். டார்ச் பிடித்துக்கொண்டு, அவரை எழுப்பிக் காவலுக்கு நிறுத்தி, கல்லில் கால் வைத்துப் போக வேண்டும். தரை கெட்டி, என் முதுகு விடியும்வரை முறையிட்டது. அவர் குறட்டைக்குப் பக்கத்துக் கூடாரத்துப் பெங்களூர்ப் பையன்கள் காலையில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது. படம் எடுக்கிறேன் என்று பின்னாலேயே நடக்கிற இளசுகளைப் பார்த்தால் அடிவயிறு கலங்குகிறது. இரண்டு பிள்ளைகளை நான் பள்ளிக்கூடக் குரலில் அதட்டி இழுத்தேன். தமிழ் தெரியாதவர்கள்தான், ஆனால் குரல் புரிந்துவிட்டது.

விடியற்காலையில் கோட்டைக்குள் நடந்து, கோயிலைத் தாண்டி, பாறை மேல் பாறையாகக் கால் வைத்து விளிம்பு வரை போனோம். சில இடத்தில் உட்கார்ந்து நகர்ந்தேன். அவர் கை கொடுத்தார். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் பொது இடத்தில் அவர் என் கையைப் பிடித்தது மணமேடைக்குப் பிறகு அங்கேதான் என்று நினைக்கிறேன். சூரியன் எதிர்ச்சுவரில் பட்டபோது அந்தச் சிவப்பு மேலிருந்து கீழே ஒவ்வொரு பட்டையாக இறங்கி வந்தது. நாங்கள் ஒன்றும் பேசவில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தோம். ஆறு கீழே அசையாமல் கிடந்தது. மேலே ஓர் அணை, கீழே மைலவரம் அணை, இரண்டுக்கும் நடுவில் அதற்கும் ஓட்டம் குறைவுதான்.

அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார், "நம்ம பாலாறும் இதுவும் அக்கா தங்கச்சிங்க." உண்மைதான். வட பெண்ணை, தென்பெண்ணை, பாலாறு மூன்றும் கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்தவை. வட பெண்ணை மலையை அறுத்துக்கொண்டு நெல்லூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. நம்முடையது எங்கே போகிறது என்று கேட்டால் ஆம்பூர் பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும். என் சிறு வயதில் பாலாற்று மணலில் ஊரே சாயங்காலம் நடக்கும். கிழவர்கள் காலாற நடந்துவிட்டு ஊற்று தோண்டி முகம் கழுவித் திரும்புவார்கள். மணல் போனது, தோல் கழிவு வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். மாசுபடுத்துகிறவனே விலை கொடுக்க வேண்டும் என்பது அதில்தான் இந்தியச் சட்டத்தில் உறுதியானது. தீர்ப்பால் நம் ஊருக்கு உலகப் பெயர் கிடைத்தது. ஆற்றங்கரையில் நடக்கிற வழக்கம் திரும்பவில்லை. அந்தத் தோலில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, அதனால் நான் யாரையும் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. ஆனால் வீட்டுப் பக்கத்தில் நடக்க இடமில்லாமல் போனவர்கள், முந்நூறு கிலோமீட்டர் போய் ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் அதைக் கிறுக்கு என்று சொல்லாதீர்கள்.

தமிழ்ப் பாடத்தில் ஐந்திணை நடத்தும்போது பாலைக்கு வந்ததும் பிள்ளைகள் முகம் வாடும். வெயில், வறண்ட வழி, பிரிவு. அதிலேயே உடன்போக்கும் வரும். தலைவியும் தலைவனும் வீட்டுக்குச் சொல்லாமல் அந்தச் சுரத்து வழியில் சேர்ந்து போவார்கள். வளர்த்த செவிலித்தாய் பதறிக்கொண்டு எதிரே வருகிறவர்களிடம் எல்லாம் "என் பெண்ணைப் பார்த்தீர்களா" என்று விசாரிப்பாள். வேங்கட மலையைத் தாண்டி மொழி மாறும் நாட்டுக்குப் போகிற வழியும் அந்தப் பாடல்களில் உண்டு. ஏறக்குறைய நாங்கள் போன திசை. பதினாறு வயதில் நடக்க வேண்டியது எங்களுக்கு அறுபதைத் தாண்டி நடந்தது. செவிலித்தாய் வேஷம் என் மகனுக்கு. வாட்ஸப் வீடியோவில் "அம்மா, ஓரமா நிக்காதே" என்று கத்திக்கொண்டிருந்தான். வழியில் வருகிறவர்களிடம் விசாரிக்காத குறைதான்.

மறுநாள் பேலம் குகைக்கும் போனோம். 3,229 மீட்டர் நீளக் குகை. 1884-ல் அதைப் பற்றி எழுதி வைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் 1863-ல் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே மனிதர். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை, பாதியில் திரும்பிவிட்டோம். முடியாவிட்டால் திரும்புவதில் ஒரு வெட்கமும் இல்லை. புறப்படும்போதே பேசி வைத்திருந்தோம், இருவரில் ஒருவர் போதும் என்றால் மற்றவர் மறுபேச்சு பேசக் கூடாது என்று.

"உங்களுக்குப் பென்ஷன் வருது டீச்சர், போறீங்க" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். நியாயமான பேச்சு. 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த என் சக ஆசிரியைகளுக்கே எனக்கு வருகிற பழைய பென்ஷன் கிடையாது, ஷூ கம்பெனிப் பெண்களுக்கு நான் என்ன சொல்ல. ஆனாலும் எங்கள் இருவர் செலவு, நெருங்கிய உறவுக் கல்யாணம் ஒன்றுக்கு எழுதுகிற மொய்யைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்தக் கொஞ்சமும் இல்லாதவர்களுக்கு நம் வாசலிலேயே ஏலகிரி இருக்கிறது. 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஆயிரம் மீட்டருக்கு மேல். படகு, பூங்கா, மிளகாய் பஜ்ஜி என்று முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறுகிற பாதையில் நம் ஊர் ஆட்கள் எத்தனை பேர் கால் வைத்திருக்கிறீர்கள்?

பிள்ளைகளே, உங்களில் பலருக்கு இப்போது அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா இருக்கிறார்கள். அவர்கள் போகிறேன் என்று சொன்னால், நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். விலை நமக்குத் தெரியாததா. போகிற இடத்தின் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி நம்பரை எழுதிக் கொடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பதினைந்து தடவை நீங்கள் பண்ணாதீர்கள். வீட்டிலேயே பூட்டி வைத்தால் ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னது? என் கூடப் படித்தவள் ஒருத்தி, பயிற்சிப் பள்ளியில் எல்லாரையும் முந்தி நடப்பாள். ரிட்டயர்டு ஆன பிறகு மூன்று வருஷம் சோபாவில் டிவிக்கு எதிரே. இப்போது படுக்கையிலிருந்து பாத்ரூமுக்கு ஆள் பிடிக்க வேண்டும். அவள் மகன் அம்மாவைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டான், கடைக்குக்கூட அனுப்பவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் ஞாயிறு நாங்கள் இருவரும் சுவாமிமலைக்குப் போகிறோம். அனுமதி விவரத்தை அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். வாணியம்பாடி போய் அங்கிருந்து ஏலகிரி பஸ். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மதியத்துக்கு ஏதாவது கட்டுச்சோறு. அம்மாக்களை அழைத்து வந்தால் மெதுவாகத்தான் ஏறுவோம், அவசரக்காரர்கள் வேறு நாள் போங்கள். என் நாத்தனார் நேற்று போன் பண்ணி, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று சும்மா கேட்டார்கள்.